வேவர்லி: 1947-இல் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஓய்வு பெறாத கப்பல்

கேள்வி இதுதான்: "இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் சுழல ஓடுகிற அந்தக் காலத்து நீராவிக் கப்பல்கள் இன்னும் எங்காவது பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றனவா? ஓடுகின்றன என்றால், அவ்வளவு பழைய பொருளை மியூசியத்தில் பத்திரமாக நிறுத்திவைக்காமல் ஏன் ஓட்டித் தேய்க்கிறார்கள்?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஓடுகின்றன. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஏரியில் ஐந்து பேடில் ஸ்டீமர்கள் (சக்கர நீராவிக் கப்பல்களுக்கு ஆங்கிலப் பெயர் அதுதான்) இருக்கின்றன. ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்தை ஒட்டி எல்பே ஆற்றில் ஒரு கூட்டமே இருக்கிறது. நார்வேயின் ம்யோசா ஏரியில் ஸ்கிப்லாட்னர் என்ற கப்பல் 1856-இல் வந்தது, இன்னும் கோடைக்குக் கோடை ஓடுகிறது. ஆனால் இவையெல்லாம் ஏரியிலும் ஆற்றிலும் ஓடுபவை. உப்புத் தண்ணீரில், கடல் அலையில், காசு கொடுத்து டிக்கெட் எடுத்த பயணிகளோடு போகிற பேடில் ஸ்டீமர் உலகத்தில் ஒன்றுதான் மிச்சம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த வேவர்லி. இரண்டாம் பாதிக்கு அந்தக் கப்பலை வைத்தே பதில் சொல்கிறேன். ஓட்டுவதால் அது தேய்கிறது என்பது உண்மை. ஓட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதன் கூடப்பிறந்தவர்களின் கதைகள் இருக்கின்றன, அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வாழ்நாள் முழுக்க டீசல் எஞ்சின் அறைகளில் வேலை பார்த்தவன். அதனால் எஞ்சின் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளைட் ஆறு கிளாஸ்கோவைத் தாண்டிக் கடலோடு சேரும் இடத்தில் நீண்ட கடல் கழிகளும் தீவுகளும் மலைகளுமாகக் கிடக்கிறது. 1812-இல் ஹென்றி பெல் என்பவர் காமெட் என்ற சிறிய ஸ்டீமரை அங்கே விட்டார். ஐரோப்பாவில் நீராவிக் கப்பலை வைத்து ஒழுங்காக வியாபாரம் நடந்தது அதிலிருந்துதான். பிறகு ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் பெருகி, கிளாஸ்கோ புகையில் மூழ்கியது. வருஷத்துக்கு ஒரு முறை ஜூலையில் பட்டறைகளை மூடி விடுமுறை விடுவார்கள். ஊரே குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டீமர் ஏறி டனூன், ராத்சே, லார்க்ஸ் என்று கடற்கரை ஊர்களுக்குப் போகும். இந்தக் கூட்டத்தைப் பிடிக்க ரயில் கம்பெனிகளுக்குள் போட்டி. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று கரையில் ஒரு ரயில் நிலையத்தையும் அதை ஒட்டி ஒரு துறையையும் கட்டி, ரயிலை விட்டு இறங்கியதும் ஏறுவதற்குத் தன் கப்பலைத் தயாராக நிறுத்தியது. துறைக்கு யார் முதலில் போவது என்று கேப்டன்கள் பந்தயம் ஓட்டி, உரசிக்கொண்ட கதைகள் ஏராளம். நம் ஊரில் தனியார் பஸ்கள் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியதும் என்ன செய்யுமோ அதேதான்.

இந்த வேலைக்குச் சக்கரம்தான் பொருத்தம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெருங்கடலில் சக்கரம் தோற்றது. 1845-இல் பிரிட்டிஷ் கடற்படை ராட்லர் என்ற புரொப்பெல்லர் கப்பலையும் அலெக்டோ என்ற சக்கரக் கப்பலையும் பின்புறமாகக் கட்டி இழுக்கவிட்டது. அலெக்டோ முழு வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே பின்னோக்கி இழுபட்டது. அலை உயரும்போது ஒரு சக்கரம் தண்ணீருக்குள் முங்கும், இன்னொன்று காற்றில் சுழலும், அதுவும் ஒரு குறை. ஆனால் அரை மணிக்கு ஒரு துறை என்று நின்று நின்று போகிற வேலையில் கணக்கு வேறு. சக்கரக் கப்பலுக்கு ஆழமான தண்ணீர் தேவையில்லை. வேவர்லி இரண்டு மீட்டர் ஆழம் கூட மூழ்காது. பெரிய சக்கரம் தண்ணீரைப் பிடித்த வேகத்தில் கப்பல் கிளம்பும், பின்னோக்கிச் சுழற்றினால் சட்டென்று நிற்கும். சக்கரத்தை ஒட்டி இருபுறமும் தளம் விரிவதால் ஆட்களை நிற்கவைக்கவும் இடம் தாராளம். அதனால்தான் மற்ற இடங்களில் புரொப்பெல்லர் வந்து நூறு வருஷம் ஆன பிறகும் கிளைடில் சக்கரக் கப்பலையே கட்டினார்கள்.

வேவர்லி என்ற பெயரில் முன்பே ஒரு கப்பல் இருந்தது. 1899-இல் கட்டியது. இரண்டு உலகப் போரிலும் கடற்படை அதைக் கண்ணிவெடி வாரும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1940 மே 29 அன்று பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து படைவீரர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. கப்பலில் இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதற்கு மாற்றாக லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனி போர் முடிந்ததும் கட்டச் சொன்னதுதான் இப்போதைய வேவர்லி. கிளாஸ்கோவில் ஏ. அண்ட் ஜே. இங்லிஸ் பட்டறை கட்டியது. 1946 அக்டோபர் 2 அன்று தண்ணீரில் இறங்கியது. 1947 ஜூன் 16 அன்று கிரெய்கெண்டோரன் துறையிலிருந்து லாங் கழி வழியாக ஆரக்கருக்கு முதல் பயணம். இங்கிருந்து ஆரம்பித்து அன்றைய பயணிகள் ஒரு சுற்று போவார்கள்: ஆரக்கரில் இறங்கி, குறுகலான நிலத்தை நடந்து கடந்து, அந்தப் பக்கம் லோமண்ட் ஏரியில் இன்னொரு ஸ்டீமர் பிடித்து, அப்புறம் ரயிலில் கிளாஸ்கோ.

கப்பலின் நீளம் 239 அடி 6 அங்குலம். உடலின் அகலம் 30 அடிதான், ஆனால் சக்கரக் கூடுகளையும் சேர்த்தால் 57 அடி. எஞ்சின் கிரீனக் ஊரின் ராங்கின் அண்ட் பிளாக்மோர் செய்தது, 2100 குதிரைத்திறன். சோதனை ஓட்டத்தில் 18 நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்துக்கு மேல் போனது, அதாவது மணிக்கு 33 கிலோமீட்டருக்கு மேல். தினசரி ஓட்டத்தில் அதைவிடக் குறைவாகத்தான் போகும்.

இப்போது எஞ்சின். பாய்லரில் தண்ணீர் கொதித்து நீராவி அழுத்தத்தோடு வருகிறது. அதை ஒரே சிலிண்டரில் விட்டு வெளியே தள்ளினால் பாதி சக்தி வீண். அதனால் மூன்று சிலிண்டர்கள். முதல் சிலிண்டரின் விட்டம் 24 அங்குலம். அங்கே வேலை செய்து கொஞ்சம் களைத்த நீராவி அடுத்து 39 அங்குல சிலிண்டருக்குப் போகிறது. அழுத்தம் குறையக் குறைய அதே அளவு வேலை வாங்க பெரிய பிஸ்டன் வேண்டும் என்பதால்தான் அளவு கூடுகிறது. மூன்றாவது சிலிண்டர் 62 அங்குலம், ஐந்தடிக்கு மேல். ஒவ்வொரு பிஸ்டனும் போய் வரும் தூரம் 66 அங்குலம், ஐந்தரை அடி. மூன்றாவது சிலிண்டரை விட்டு வரும் நீராவியைக் கண்டென்சரில் கடல் தண்ணீரால் குளிரவைத்து மறுபடி நன்னீராக்கி பாய்லருக்கே அனுப்புவார்கள். உப்புத் தண்ணீரை நேரடியாகக் கொதிக்கவைத்தால் பாய்லருக்குள் உப்புப் படிந்து ஒழிந்தது. சிலிண்டருக்குத் தாராளமாக எண்ணெய் விடவும் முடியாது. அந்த எண்ணெய் நீராவியோடு கலந்து தண்ணீராகி பாய்லருக்குத் திரும்பினால், சூடாகும் பரப்பில் படிந்து தகட்டைக் கெடுத்துவிடும்.

சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்காமல் கப்பலின் அடியிலிருந்து சாய்வாக மேல்நோக்கிப் படுத்திருக்கும். மூன்று கிராங்குகளும் (பிஸ்டனின் முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த பகுதிகள்) ஒரே அச்சைச் சுழற்றும், அந்த அச்சின் இரு நுனியிலும் சக்கரங்கள். நடுவில் கியர் கிடையாது. அதனால் எஞ்சினின் வேகமே சக்கரத்தின் வேகம்: நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது சுற்று. நான் வேலை பார்த்த எஞ்சின்களில் காதில் பஞ்சு இல்லாமல் நிற்க முடியாது. இங்கே மூன்று பெரிய எஃகுக் கைகள் பளபளப்பாக ஏறி இறங்குவதை, பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே பார்க்கலாம். எஞ்சினின் இரண்டு பக்கமும் பயணிகள் நடக்கும் வழி, குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பழைய கிளைட் ஸ்டீமர்களிலும் இதே அமைப்புதான். அந்தக் காலத்து ஆண்கள் "எஞ்சினைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினால், பாருக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். கிளாஸ்கோக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஏன் மூன்று கிராங்க்? பல பழைய ஸ்டீமர்களில் ஒரே சிலிண்டர், ஒரே கிராங்க்தான். பிஸ்டன் தள்ளும்போது கப்பல் முன்னால் துள்ளும், திரும்பும்போது தளரும். ஊஞ்சலில் போவது போல் பயணிகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே போவார்கள். மூன்று கிராங்குகளைச் சமமான இடைவெளியில் வைத்தால் ஒன்று தளரும் நேரத்தில் இன்னொன்று தள்ளும், ஓட்டம் சீராகிவிடும்.

சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் எட்டு மரப்பலகைகள் இருக்கின்றன. அவற்றை ஆரங்களில் அசையாமல் அடித்துவைத்தால் பலகை தண்ணீரில் இறங்கும்போது அறைந்துகொண்டு இறங்கும், ஏறும்போது தண்ணீரை வாரித் தூக்கும். இரண்டுமே வீண். அதனால் ஒவ்வொரு பலகையும் கீல் வைத்துத் திரும்பும்படி இருக்கும். பலகைகளை இணைக்கும் கம்பிகள் எல்லாம் சக்கரத்தின் மையத்தில் சேராமல் கொஞ்சம் தள்ளிய ஒரு புள்ளியில் சேரும். சக்கரம் சுற்றச் சுற்ற அந்தத் தள்ளலே பலகைகளைத் திருப்பிக்கொடுத்து, தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க ஏறக்குறைய நெட்டாக நிற்கவைக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல், வெறும் வடிவியலால் நடக்கிற வேலை. ஆனால் இத்தனை கீலும் கம்பியும் உப்புத் தண்ணீரில் சுழல்கின்றன என்பதை மறக்கக் கூடாது. மிதந்து வரும் ஒரு மரக்கட்டை உள்ளே மாட்டினால் பலகை பிளந்துபோகும். அப்போது கப்பலை நிறுத்தி எஞ்சினியர்கள் சக்கரக் கூட்டுக்குள் இறங்கி, நனைந்துகொண்டே பலகையை மாற்ற வேண்டும். சக்கரக் கப்பலில் எஞ்சினியர் வேலை என்பது பாதி தச்சு வேலையும்தான்.

அடுத்தது, துறையில் கொண்டுவந்து நிறுத்தும் வித்தை. வேவர்லியின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் பூட்டியவை என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் ஒரு சக்கரத்தை முன்னாலும் இன்னொன்றை பின்னாலும் சுழற்றி நின்ற இடத்திலேயே திரும்ப முடியாது. சில இழுவைப் படகுகளில் அந்த வசதி இருந்தது, ஆனால் பயணிகள் கப்பலில் அது ஆபத்து, சட்டென்று சாய்ந்துவிடும். போகட்டும், சுக்கான் இருக்கிறதே என்றால் அதிலும் ஒரு சிக்கல். புரொப்பெல்லர் கப்பலில் புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் நேராகச் சுக்கானில் மோதும், மெதுவாகப் போகும்போதும் திரும்பும். இங்கே சக்கரம் நடுவில், சுக்கான் கடைசியில். கப்பல் வேகமாகப் போனால்தான் சுக்கானுக்குப் பிடிமானம். துறையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தாக வேண்டும், குறைத்தால் திரும்பாது. பக்கவாட்டில் தள்ளிக்கொடுக்கும் மோட்டார் இந்தக் காலத்துக் கப்பலில் உண்டு, இதில் கிடையாது. உயரமான சக்கரக் கூடும் இரண்டு புகைபோக்கியும் காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் ஆகிவிடும்.

அதனால் கேப்டன் காற்றையும் நீரோட்டத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு, கொஞ்சம் வேகத்தோடேயே வருவார். மேலிருந்து டெலிகிராஃப் கைப்பிடியைத் தள்ளினால் கீழே எஞ்சின் அறையில் மணி அடிக்கும், முள் "மெதுவாகப் பின்னால்" என்று காட்டும். கட்டளை அவ்வளவுதான், எஞ்சின் மேலே இருப்பவர் கையில் இல்லை. கீழே எஞ்சினியர் பதில் மணி கொடுத்து, வால்வுகளை மாற்றி, நீராவியைத் திறந்து, அந்த எஃகுக் கைகளை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எஞ்சினை நிறுத்தும்போது முதல் சிலிண்டரின் கிராங்க் சரியாக நுனிப் புள்ளியில் போய் நின்றுவிட்டால், பிஸ்டன் நேராகத் தள்ளும், அச்சு சுற்றாது. அப்போது மற்ற சிலிண்டர்களுக்கு நேரடியாக நீராவியை விட்டு ஒரு உதை கொடுத்துத்தான் கிளப்ப வேண்டும். துறை நெருங்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சில நொடிகள் எவ்வளவு நீளம் என்று எஞ்சினியரைக் கேட்டால் தெரியும்.

கயிறுதான் மிச்ச வேலையைச் செய்கிறது. முதலில் மெல்லிய கயிற்றைக் கரைக்கு வீசுவார்கள், அதன் நுனியில் கட்டிய வடத்தைத் துறையில் இருப்பவர் இழுத்து முளையில் மாட்டுவார். பிறகு வடத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினால் கப்பல் துறையோடு ஒட்டும். இதற்குள் இறங்க வேண்டிய கூட்டமெல்லாம் துறைப் பக்கம் வந்து குவிந்துவிடும். கப்பல் சாயும், அந்தப் பக்கச் சக்கரம் ஆழமாக முங்கும், மறுபக்கச் சக்கரம் மேலே எழும்பும், ஓட்டமே கோணலாகும். பழைய ஸ்டீமர்களில் சங்கிலி நிரப்பிய வண்டியைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிச் சமன் செய்வார்கள். இல்லாவிட்டால் பயணிகளையே கெஞ்சி மறுபக்கம் அனுப்ப வேண்டியதுதான்.

கப்பலுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? பாய்லரைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஏற்றுவதற்குப் பல மணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் உலோகம் விரிவடைந்து விரிசல் விடும். எஞ்சினையும் பயணத்துக்கு முன் மெதுவாகச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி பட்டதும் தண்ணீராகிவிடும். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, சிலிண்டர் மூடியே பெயர்ந்துவிடலாம். வடிகால் குழாய்களைத் திறந்துவைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று அசைத்து அசைத்துத்தான் எழுப்புவார்கள். ஓட ஆரம்பித்த பிறகு எண்ணெய் விடுவதும், சூடாகிறதா என்று பார்ப்பதும் ஓயாத வேலை. சுற்றிக்கொண்டிருக்கும் தாங்கியைக் கையால் தொட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள் பழைய ஆட்கள். 1957 வரை நிலக்கரி. அள்ளிப் போட ஆட்கள் தனி. அந்த வருஷம் எண்ணெய்க்கு மாறியதும் அந்த வேலை போய்விட்டது, புகையும் குறைந்தது.

இந்த நீராவி வேலை தெரிந்த கப்பல் எஞ்சினியர்கள் இன்று அபூர்வம். என் வயதுக்காரர்களே டீசலில் படித்தவர்கள். அதனால் இப்படிப்பட்ட கப்பல்கள் ஆட்களைத் தாங்களே பழக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களோடு, குளிர்காலத்தில் சாயம் சுரண்டவும் பித்தளை தேய்க்கவும் தன்னார்வலர்கள் வருகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் கோடை மட்டும் கப்பலைக் காப்பாற்றப் போதாது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை கிளைட். அதற்கு முன்னும் பின்னும் தெற்கே போகிறது: வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள பிரிஸ்டல் கால்வாய், ஒயிட் தீவுப் பக்கம், பிறகு தேம்ஸ். பிரிஸ்டல் கால்வாயில் கடல் ஏறி இறங்கும் உயரம் உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. காலையில் ஏறிய துறையில் மாலையில் இறங்கும்போது படிக்கட்டின் பாதி கூடியிருக்கும். 1869-இல் திறந்த கிளீவ்டன் துறையில் வேவர்லி வந்து நிற்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். தேம்ஸுக்கு வந்தால் அதற்காக லண்டன் டவர் பிரிட்ஜ் இரண்டாகப் பிளந்து தூக்கும், சாலைப் போக்குவரத்து காத்திருக்கும். வருமானம் டிக்கெட்டில் மட்டும் வருவதில்லை. பார், சாப்பாட்டு அறை, கடை எல்லாம் சேர்ந்துதான் கணக்கு சமமாகும். காற்று அடித்து இரண்டு சனிக்கிழமைப் பயணம் ரத்தானால் அந்த மாதம் போச்சு. எண்ணெய் விலை ஏறினாலும் அதே கதி. ஒவ்வொரு வருஷமும் ட்ரை டாக்கில் (தண்ணீரை இறைத்துவிட்ட கப்பல் தொட்டியில்) ஏற்றி, அடிப்பக்கம் பார்த்து, பயணிகள் சான்றிதழ் வாங்கின பிறகுதான் ஓட விடுவார்கள். கட்டிய காலத்தில் 1350 பேர் வரை ஏற்றிய கப்பல், இன்றைய பாதுகாப்பு விதிகளில் ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் ஏற்றலாம். செலவு மட்டும் அன்றைய செலவு இல்லை.

இது தனியார் கையில் எப்படி வந்தது? 1948-இல் பிரிட்டிஷ் ரயில்வேக்கள் அரசுடைமை ஆனபோது கப்பலும் அதோடு போனது. அறுபதுகளில் கார் வந்தது, ஸ்பெயினுக்கு மலிவான விமானம் வந்தது, டனூனுக்குப் போக யாருக்கு ஆசை? 1973 சீசனோடு கலிடோனியன் மக்பிரெயின் கம்பெனி வேவர்லியை நிறுத்தியது. பேடில் ஸ்டீமர் பாதுகாப்புச் சங்கம் என்று 1959-இலிருந்து ஆர்வலர்கள் நடத்தும் ஒரு அமைப்பு இருந்தது. 1974 ஆகஸ்டில் அவர்களுக்கே ஒரு பவுண்டு விலைக்குக் கப்பலைக் கொடுத்துவிட்டார்கள். எங்காவது நிறுத்திவைத்துக் காட்டுவார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். சங்கத்தில் இருந்தவர்கள் கப்பல் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் அல்லர், ரசிகர்கள். ஆனாலும் நன்கொடை திரட்டி, 1975 மே மாதம் மறுபடி பயணிகளை ஏற்றினார்கள். என்னைக் கேட்டால் இந்த முடிவில் அறிவைவிடத் துணிச்சல்தான் அதிகம். இரண்டு வருஷத்திலேயே, 1977 ஜூலை 15 அன்று, டனூனுக்குப் பக்கத்தில் கேன்டாக்ஸ் பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. பயணிகள் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். பாறையை விட்டு மீட்டு, பழுதுபார்த்து, அடுத்த வருஷமே தெற்கே ஓட்டினார்கள்.

அப்புறம் பாய்லர் கதை. கப்பல் கட்டியபோது வைத்தது 1981-இல் போனது, புதிது வந்தது. 2000-இல் மறுபடி புதிய பாய்லர்கள். அப்போதுதான் லாட்டரிப் பாரம்பரிய நிதியின் உதவியோடு கப்பல் முழுவதையும் 1947-இல் இருந்த தோற்றத்துக்குத் திருப்பினார்கள். வேலை இரண்டு கட்டமாக நடந்து 2003-இல் முடிந்தது, மொத்தச் செலவு சுமார் 70 லட்சம் பவுண்டு. அந்தப் பாய்லர்களும் 2019-இல் கைவிட்டன. ஒரு சீசன் முழுக்க ஓட்டம் இல்லை, வருமானம் இல்லை. 23 லட்சம் பவுண்டு வேண்டும் என்று பொதுமக்களிடம் கையேந்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள், ஸ்காட்லாந்து அரசு பத்து லட்சம் கொடுத்தது. தளத்தை வெட்டித் திறந்து பழையதைக் கிரேனில் தூக்கிப் புதியதை இறக்கினார்கள். அதற்குள் கொரோனா வந்தது. 2020 ஆகஸ்ட் 22 அன்று ஒருவழியாக மறுபடி ஓடியது. செப்டம்பர் 3 அன்று ஆரன் தீவின் ப்ராடிக் துறையில் மோதி முன்முனை நசுங்கியது. சிலர் காயமடைந்தார்கள், அந்த சீசன் அத்தோடு சரி. மேலே துறையில் நிறுத்தும் சிரமத்தை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இந்தக் கப்பலின் விபத்துகளில் பெரும்பாலானவை நடுக்கடலில் நடந்தவை அல்ல, துறையை ஒட்டி நடந்தவை.

"இத்தனை மாற்றிய பிறகு அது பழைய கப்பல்தானா?" என்று அடுத்து கேட்பீர்கள். திருவாரூர்த் தேருக்கு சக்கரமும் அச்சும் மரமும் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனாலும் அது அதே தேர், வடம் பிடித்து இழுக்கும்வரை. வேவர்லியில் எஞ்சின் கிரீனக்கில் வார்த்த அதே எஞ்சின்தான். பாய்லரும் பலகையும் தேயப் பிறந்தவை, மாற்றலாம்.

இனி, மியூசியத்தில் நிறுத்தியிருந்தால் என்ற கேள்வி. வேவர்லியோடு கிளைடில் ஓடிய கலிடோனியா என்ற ஸ்டீமரை 1969-இல் நிறுத்தி, தேம்ஸில் மதுக்கடையாகக் கட்டிவைத்தார்கள். 1980-இல் தீப்பிடித்தது, உடைத்துவிட்டார்கள். எஞ்சின் மட்டும் ஹாலிகோம் என்ற இடத்தில் ஒரு நீராவிக் கண்காட்சியில் இருக்கிறது. ஹம்பர் ஆற்றில் நிலக்கரியில் ஓடிய லிங்கன் காசில் உணவகமாகி, துருவேறி, 2010-இல் உடைபட்டது. டன்கர்க்கில் ஆயிரக்கணக்கானவர்களை மீட்ட மெட்வே குயின் ஒயிட் தீவில் இரவு விடுதியாக இருந்து, சேற்றில் மூழ்கிக் கிடந்து, பிறகு உடல் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. இதே இங்லிஸ் பட்டறை கட்டிய மெய்ட் ஆஃப் த லாக் 1953-இல் லோமண்ட் ஏரிக்கு வந்தது. 1981-இல் ஓட்டம் நின்றது, தன்னார்வலர்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள், இன்னும் பயணிகளோடு ஓடவில்லை. ஓடும் கப்பலுக்குச் சட்டப்படி வருஷா வருஷம் பரிசோதனை உண்டு. ஒரு தகடு மெலிந்தால் உடனே தெரியும், மாற்றாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. நிற்கும் கப்பலில் தகடு மெலிவது தண்ணீர் உள்ளே வரும்போதுதான் தெரியும். நன்கொடையும் அப்படித்தான். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்து அந்த எஞ்சினைப் பார்த்தவர்கள்தான் 2019-இல் காசோலை அனுப்பினார்கள்.

எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் வைக்கலாமே என்றும் சிலர் கேட்பார்கள். நமக்குப் பக்கத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. கல்கத்தாவில் 1920-களில் கட்டி, டாக்காவிலிருந்து தென் வங்காள ஆறுகளில் ஓடிய "ராக்கெட்" ஸ்டீமர்களில் பிற்காலத்தில் நீராவியை எடுத்துவிட்டு டீசல் வைத்தார்கள். சக்கரம் சுழன்றது, கப்பலும் பல பத்தாண்டுகள் உழைத்தது, குறை சொல்ல மாட்டேன். அங்கே அது மக்களின் அன்றாடப் போக்குவரத்து, சீக்கிரமும் சிக்கனமும் வேண்டும். வேவர்லிக்கு டிக்கெட் எடுப்பவர் எங்கேயும் அவசரமாகப் போகவில்லை. அவருக்கு வேண்டியது அந்த எஞ்சின்தான், அதை எடுத்துவிட்டால் எதை விற்பது?

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குளிர்காலத்தில் கிளாஸ்கோ நகருக்குள்ளேயே அறிவியல் மையத்தின் பக்கத்தில் கட்டியிருப்பார்கள், கரையிலிருந்து பார்க்கலாம். பயணத்துக்கு ஜூலை, ஆகஸ்ட் பாருங்கள். ப்யூட் தீவைச் சுற்றும் குறுகிய நீர்வழிப் பயணம் கிடைத்தால் விடாதீர்கள், இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். கோடை என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், தளத்தில் காற்று எலும்பைத் தொடும். குளிர் தாங்காதபோது எஞ்சின் பக்கம் இறங்கிவிடுங்கள், அங்கே இதமான சூடு. துறை நெருங்கும் நேரத்தில் அங்கேயே நின்று டெலிகிராஃப் மணியையும் எஞ்சினியரின் கையையும் பாருங்கள், மேலே நிற்கிற கூட்டத்துக்குக் கிடைக்காத காட்சி அது. காற்று பலமாக இருந்தால் பயணத்தை அன்றைக்குக் காலையில்கூட ரத்து செய்வார்கள், ஆகவே ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள்.